ஆலையில் எட்டு மணி; வீட்டில் இருபத்து நான்கா?

எட்டு மணி நேரத்துக்கு மேல் மனிதனை வாட்டாதே என்று முழங்கியவர்கள் நாம். 1923-ஆம் ஆண்டு மே முதல் நாள் சென்னையில் சிங்காரவேலர் தொழிலாளர் திருநாளைக் கொண்டாடினாரே, அன்று எழுந்த குரல் இன்றும் ஓயவில்லை. சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டமுன்வடிவு தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது என்ன நடந்தது? தொழிற்சங்கங்கள் எதிர்த்து எழுந்தன. அந்த ஆண்டு மே தினத்தன்றே, அது திரும்பப் பெறப்படும் என்ற அறிவிப்பு வந்தது. பெருமைப்பட வேண்டிய செய்திதான்.

ஆனால் தோழர்களே, நெஞ்சில் கை வைத்து ஒன்று சொல்லுங்கள். வீட்டில் தந்தை பக்கவாதத்தில் விழுகிறார். பத்து நாள் மருத்துவமனை. பிறகு, "வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் போடுகிறோம். போட்டதும் நாம் கேட்கும் முதற் கேள்வி எது? "இருபத்து நாலு மணி நேரமும் கூடவே இருக்கிற ஆள் கிடைப்பாரா?" என்பதல்லவா?

ஆலை வாசலில் எட்டு மணி. வீட்டு வாசலில் இருபத்து நான்கா? இது எந்த ஊர் நியாயம்? இந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அல்ல. படுத்திருக்கும் பெற்றவரும் நன்றாக இருக்க வேண்டும், அவரைத் தூக்கி உட்கார வைக்கும் பெண்ணும் மனுஷியாக வாழ வேண்டும், நம் சம்பளமும் கரைந்துபோகாதிருக்க வேண்டும். மூன்றும் கூடுமா? கூடும். அதற்கு வேண்டியது நல்ல நிர்வாகம்.

கட்டில் எண்ணப்படாத ஊர்

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டைச் சிலர் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது கற்கால மனிதன் செதுக்கிய கல்லாயுதங்கள் கிடைத்தன. கல்லைக் கருவியாக்கிய அந்த மண்ணைச் சுற்றி இன்று இரும்பு காராகிறது, ரப்பர் டயராகிறது, கண்ணாடித் தகடு கைப்பேசியாகிறது. 2010-ல் ரெனால்ட்-நிசான் கார் ஆலை வந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலை வந்தது. ராயல் என்ஃபீல்டு வந்தது. வல்லம், வடகால், மாத்தூர், வைப்பூர் என்று ஊர்ப்பெயர்களெல்லாம் தொழிற்பேட்டைப் பெயர்களாயின.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்லது, வரவேற்கிறோம். உழைக்க வரும் இளையவருக்கு எத்தனை கட்டில் வேண்டும் என்று ஆலையும் அரசும் கணக்குப் போட்டிருக்கின்றன. உழைத்து ஓய்ந்து, வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் படுத்துவிட்டவர்களின் கட்டில்களை யார் எண்ணினார்கள்?

இவ்வட்டாரத்தில் மகன் முதல் ஷிப்டு, மருமகள் இரண்டாம் ஷிப்டு. கம்பெனி பஸ் விடியுமுன் வந்து நிற்கிறது. பேத்தி பள்ளிக்குப் போய்விடுகிறாள். பாட்டி மூன்று மாதமாய்ப் படுக்கையில். பெரிய மருத்துவமனை என்றால் செங்கற்பட்டுக்கோ காஞ்சிக்கோ சென்னைக்கோ ஓட வேண்டும். ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, நம்மைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் அதில் மருத்துவம் உண்டு. மருந்து கிடைக்கும், படுக்கை கிடைக்கும். ஆனால் வீடு திரும்பிய பின், இரண்டு மணிக்கொரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் கை எங்கே கிடைக்கும்?

புரட்டாவிட்டால் என்ன ஆகும்? இடுப்பெலும்பு அழுத்தும் இடத்தில் தோல் சிவக்கும். சிவந்தது கறுக்கும். கறுத்தது குழியாகும். அதுதான் படுக்கைப்புண். வருமுன் தடுக்க வேண்டியது ஒரு தலையணையும் ஒரு கையும் ஒரு கடிகாரமும். வந்தபின் ஆற்ற வேண்டுமானால் மாதங்களும் ஆயிரங்களும். சில வேளை உயிரே விலை.

ஆகவேதான் ஒருவர் வேலையை விடுகிறார். பெரும்பாலும் மருமகள்தான் விடுகிறாள், அல்லது மகள். ஒரு சம்பளம் வீட்டை விட்டுப் போகிறது. விட முடியாதவர்கள் ஏஜென்சியைத் தேடுகிறார்கள்.

புதிய கங்காணி

ஏஜென்சி என்றால் எல்லாமே கொள்ளை என்று நாம் சொல்லவில்லை. நேர்மையாய் நடத்துவோர் இருக்கிறார்கள். முறையாய்ப் படித்த செவிலியரை அனுப்பி, மருத்துவரைக் கலந்து, எழுதி வைத்துக் காரியம் பார்ப்போர் இருக்கிறார்கள். ஆனால் வேறொரு வகையும் உண்டு. அதை நம் தோழர்கள் நன்கறிவர்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் நம் மக்களை அழைத்துப் போனானே கங்காணி, அவன் கையில் என்ன இருந்தது? நிலமா? இயந்திரமா? ஒன்றுமில்லை. ஆள் தேவைப்படுகிறவனை அவனுக்குத் தெரியும். வேலை தேவைப்படுகிறவனையும் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காதபடி நடுவே நின்றான். அந்த நிற்றலுக்கே கூலி.

இன்றும் அதே வித்தைதான். வறண்ட மாவட்டத்திலிருந்தும் வடமாநிலத்திலிருந்தும் ஒரு பெண் வருகிறாள். இரண்டு நாள் யாரோ செய்வதைப் பார்க்கிறாள். மூன்றாம் நாள் வெள்ளைக் கோட்டு மாட்டப்படுகிறது. அவள் "நர்ஸ்" ஆகிவிட்டாள்! குடும்பம் கொடுக்கும் பணம் அவளுக்குத் தெரியாது. அவள் வாங்கும் பணம் குடும்பத்துக்குத் தெரியாது. அவள் உறங்குவது நோயாளியின் கட்டிலுக்கடியில். ஒரு மாதம் தாங்குகிறாள். இரண்டாம் மாதம் சொல்லாமல் போய்விடுகிறாள். உடனே ஏஜென்சி வேறொருத்தியை அனுப்புகிறது. புதிதாய் ஒரு பதிவுக் கட்டணமும் கேட்கிறது. அந்தப் புதியவளுக்கு, பாட்டிக்கு எந்தத் தோள் வலிக்கும் என்றுகூடத் தெரியாது.

இதை "லாபகரமான நிர்வாகம்" என்று சிலர் மெச்சலாம். நாம் கேட்கிறோம்: ஒவ்வொரு மாதமும் ஆள் ஓடிப்போகும் ஆலையை எவராவது திறமையான ஆலை என்பாரா? ஒவ்வொரு வாரமும் லைன் நிற்கும் ஷாப்பை நடத்தும் மேலாளருக்கு மாலை போடுவோமா?

நூற்று அறுபத்தெட்டு

திறமை என்பது கூலியை வெட்டுவதல்ல. வீணாவதை வெட்டுவதே திறமை. வீட்டுப் பராமரிப்பில் வீணாவது எது என்று பார்ப்போம்.

ஒரு வாரத்துக்கு 168 மணி. சட்டம் ஒப்பும் வேலைவாரம் 48 மணி. 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை. அதாவது இரவு பகல் இடைவிடாமல் ஒருவர் அருகிலிருக்க வேண்டுமானால் மூன்றரை ஆள் வேண்டும். "ஒரே ஆள் இருபத்து நாலு மணியும் இருப்பார்" என்று எந்த ஏஜென்சி சொன்னாலும், மீதி இரண்டரை ஆளின் உழைப்பு திருடப்படுகிறது என்று பொருள். அது மட்டுமா? தூங்காத கை ஊசி போடுகிறது. தூங்காத கண் மாத்திரையைப் படிக்கிறது. நஷ்டம் நோயாளிக்கும்தான்.

அப்படியானால் மூன்றரை ஆளுக்குச் சம்பளம் கொடுக்க நம்மால் ஆகுமா? ஆகாது. ஆனால் எல்லா நோயாளிக்கும் 168 மணி நேரமும் ஆள் தேவையா? இதை யாராவது அளந்து பார்த்தார்களா? இங்கேதான் நல்ல ஏஜென்சியின் முதல் வேலை தொடங்குகிறது. ஆளை அனுப்புமுன் படித்த செவிலியர் ஒருவர் வீட்டுக்கு வர வேண்டும். நோயாளி தானே திரும்புகிறாரா, வாயால் உண்கிறாரா, குழாய் வழியாகவா, சிறுநீர்க் குழாய் உண்டா, புண் உண்டா, இரவில் எத்தனை முறை எழுப்புகிறார், வீட்டில் யார் எப்போது இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுத வேண்டும்.

எழுதிப் பார்த்தால் தெரியும். மகன் ஷிப்டுக்குப் போகும் எட்டு மணி நேரம் மட்டும் உதவியாளர் இருந்தால் போதும் என்ற வீடுகள் உண்டு. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி. எத்தனை ஆயிற்று? 48! ஒரு மனிதரின் நியாயமான வேலைவாரம் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு மேல் புண் கட்டவும் குழாய் மாற்றவும் வாரத்தில் சில முறை செவிலியர் வந்து போகலாம். மீதி நேரத்துக்கு வீட்டாருக்கே கற்றுத்தர வேண்டும். இடுப்பை முறித்துக்கொள்ளாமல் எப்படிப் புரட்டுவது? குழாய் வழி உணவு தரும்போது தலைப்பக்கத்தை எவ்வளவு உயர்த்துவது, கொடுத்த பின் அரை மணியாவது ஏன் சாய்க்கக் கூடாது? சிறுநீர்ப் பையை ஏன் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிட வேண்டும்? இவை மந்திரமல்ல. இயந்திரம் ஓட்டக் கற்ற கைக்கு இவை எளிது. ஆண் பிள்ளைகளும் கற்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். தாயைப் புரட்டிப் படுக்க வைப்பது மருமகளுக்கு மட்டும் எழுதிவைத்த வேலையல்ல.

இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய நோயாளியும் உண்டு. மூச்சுத் திணறுபவர் உண்டு. அங்கே இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும். அதை மறைக்காமல் முதல் நாளே சொல்லுவதும், மருத்துவமனைதான் சரியான இடம் என்றால் "எங்களால் ஆகாது" என்று சொல்லுவதும் நிர்வாகத்தின் நேர்மை.

வழியில் கரையும் பொழுது

இனி, செவிலியரின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிடம். வீட்டுக்கு 40 நிமிடம் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்சி அவருக்குக் காலையில் படப்பையில் ஒரு வீடு, அடுத்து ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வீடு, பிறகு வாலாஜாபாத் சாலையில் ஒரு வீடு என்று ஆறு வீடு தருகிறது. வீட்டுக்கு வீடு அரை மணிப் பயணம். வேலை 240 நிமிடம். பயணம் 180 நிமிடம். எழுதவும் இளைப்பாறவும் மிஞ்சுவது ஒரு மணி.

அதே செவிலியருக்கு வடக்குப்பட்டும் பக்கத்து ஊர்களும் மட்டும் என்று எல்லை வகுத்துவிட்டால்? வீட்டுக்கு வீடு பத்து நிமிடம். எட்டு வீடு பார்க்கலாம். வேலை 320, பயணம் 80. இன்னும் 80 நிமிடம் மிஞ்சுகிறது! இரண்டு நோயாளி கூடுதல். செவிலியரின் சம்பளத்தில் ஒரு காசு வெட்டவில்லை. அவரை ஒரு நிமிடம் கூடுதலாய் உழைக்கச் சொல்லவில்லை. சாலையில் புகையாய்ப் போன பொழுது நோயாளியின் கட்டிலருகே வந்துவிட்டது. அவ்வளவுதான். இதற்குப் பெயர் திறமை.

எல்லை சிறிதானால் இன்னொரு நன்மையும் உண்டு. அதே முகம் அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வரும். நேற்று இல்லாத வீக்கம் இன்று காலில் இருக்கிறதே என்று கண்டுபிடிக்க, நேற்றும் வந்தவர்தானே வேண்டும்?

ரிலீவர் வந்தாரா?

நம் தோழர்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டாத பாடம் ஒன்று உண்டு. ஆலையில் ரிலீவர் வராமல் இயந்திரத்தை விட்டு நகர்வோமா? நகரமாட்டோம். வந்தவரிடம், எந்த போல்ட் தளர்கிறது, எந்த அளவு பிசகுகிறது என்று சொல்லி, புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் குளிக்கப் போவோம். இரும்புக்கு இந்த மரியாதை உண்டானால், இரத்தமும் சதையுமான மனிதருக்கு வேண்டாமா?

ஆகவே கட்டில் தலைமாட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டாயம். இரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, என்ன உண்டார், எப்போது புரட்டினோம், மலம் போனாரா, தோல் எங்கே சிவந்திருக்கிறது, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று எல்லாம் தமிழில், தெளிவாக இருக்க வேண்டும். மாலையில் வரும் மகனும் படிக்க வேண்டும். மறுநாள் வரும் மாற்றாளும் படிக்க வேண்டும். கைப்பேசியில் எழுதும் வசதி வந்துவிட்டது, நல்லதே. ஆனாலும் கட்டிலருகே காகிதம் இருக்கட்டும். சார்ஜ் தீராத கருவி அது ஒன்றுதான்.

அடுத்தது மாற்றாள். உதவியாளருக்கும் காய்ச்சல் வரும், அவர் ஊரிலும் திருவிழா வரும், அவர் பிள்ளைக்கும் பரீட்சை வரும். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் பதினோராவது ஒருவரைச் சம்பளத்தோடு வைத்திருக்க வேண்டும். "சும்மா இருப்பவருக்குச் சம்பளமா?" என்று கணக்கப்பிள்ளை முகம் சுளிப்பார். அந்தப் பதினோராமவர் இல்லாத நாளில் மகன் ஷிப்டுக்குப் போகாமல் இழக்கும் கூலியை அவர் தம் பேரேட்டில் எழுதுவதில்லை. அதனால்தான் அது அவருக்குச் செலவாகத் தெரியவில்லை!

யார் கையில் ஊசி?

மூன்றாவது, வேலைப் பிரிவினை. செவிலியர் வேறு, உதவியாளர் வேறு. பட்டயப் படிப்பு என்றால் மூன்றாண்டு, பட்டம் என்றால் நான்காண்டு படித்துத் தேறி, 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர்தாம் செவிலியர். நரம்பில் ஊசி, மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், ஆழமான புண் எல்லாம் அவர் வேலை. குளிப்பாட்டல், உடை மாற்றல், ஊட்டல், புரட்டல், நடக்கப் பழக்கல் ஆகியவை பயிற்சி பெற்ற உதவியாளர் வேலை. ஒன்று உயர்வு, ஒன்று தாழ்வு என்று நாம் சொல்லவில்லை. மலம் துடைக்கும் கை மட்டமான கை என்று நினைக்கும் புத்தி நம் நாட்டைப் பிடித்த பழைய நோய். அதற்கும் மருந்து வேண்டும். நாம் சொல்வது இதுதான்: வெல்டருக்கு வெல்டிங், எலக்ட்ரீஷியனுக்கு மின்சாரம். உதவியாளர் கையில் ஊசியைக் கொடுப்பது நோயாளிக்கும் ஆபத்து, அந்தப் பெண்ணுக்கும் ஆபத்து. செவிலியரை உட்கார வைத்துப் பாத்திரம் தேய்க்கச் சொல்வது படிப்பை வீணடிப்பது. உதவியாளரை வீட்டு வேலைக்கெல்லாம் இழுப்பதும் நியாயமல்ல.

ரசீதில் இரண்டு வரி

நான்காவது, பணம். பூசி மெழுகாமல் சொல்கிறோம். குடும்பத்துக்குத் தரும் ரசீதில் இரண்டு வரி இருக்க வேண்டும். நீங்கள் கொடுத்தது இவ்வளவு. உழைத்தவர் கைக்குப் போனது இவ்வளவு. இந்த இரண்டு வரியை அச்சடிக்கத் துணிந்த ஏஜென்சியை நம்பலாம். அச்சடிக்க மறுப்பவர் எதை மறைக்கிறார் என்று கேளுங்கள்.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் பெரிய சுமை என்பார்கள். கணக்குப் பார்ப்போமா? 2019 ஜூலை முதல் நடப்பிலுள்ள விகிதம் முதலாளி பங்கு நூற்றுக்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75. பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சம்பளமென்று வைத்துக்கொண்டால் நிர்வாகம் கட்டுவது 390 ரூபாய், அவர் கட்டுவது 90 ரூபாய். நாள்தோறும் நோயாளியைத் தூக்கி முதுகெலும்பைத் தேய்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு, தான் படுத்தால் மருத்துவம் உண்டு என்ற உறுதிக்கு இதுவா பெரிய விலை?

இன்னொன்றும் மறக்கக் கூடாது. தனியாய் ஒரு பெண் அந்நியர் வீட்டுக்குள் போகிறாள். பணியிடத்தில் பெண்களைக் காக்க 2013-ல் வந்த சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கொள்கிறது. புகார் சொல்ல ஓர் எண், வேண்டாம் என்று வெளியேறும் உரிமை, வெளியேறினால் அன்றைய கூலி போகாது என்ற உறுதி ஆகியவை நிர்வாகம் செய்யும் உபகாரமல்ல, கடமை. அவ்வாறே, குடும்பத்துக்கும் வருபவர் யார், என்ன படித்தார் என்று சரிபார்த்துச் சொல்லப்பட வேண்டும். நம்பிக்கை இருபக்கமும் ஓடும் பாதை.

உலகம் காட்டும் வழி

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா? இல்லை. வீட்டுக்கு வரும் செவிலியர் என்ற ஏற்பாடே தொழிலாளர் குடியிருப்புகளில் வளர்ந்ததுதான். 1859-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், இறக்கும் தறுவாயிலிருந்த தம் மனைவியைக் கவனிக்க மேரி ராபின்சன் என்ற செவிலியரை அமர்த்தினார். மனைவி மறைந்தபின், "பணமுள்ள எனக்கே இவ்வளவு ஆறுதல் தந்ததே, இல்லாதவர் என் செய்வார்?" என்று எண்ணி, அதே செவிலியரை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். பிறகு நகரம் முழுவதையும் பகுதி பகுதியாய்ப் பிரித்துச் செவிலியரை நிறுத்தினார்கள். எல்லை வகுத்தல் அன்றே பிறந்துவிட்டது.

1893-ல் நியூயார்க் நகரில் லில்லியன் வால்ட் என்ற இளம் செவிலியர், குடியேறிய தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிக்கே குடிபோனார். அவர் தொடங்கிய ஹென்றி தெரு நிலையத்துச் செவிலியர் வீடு வீடாய்ப் படியேறினர். 1909-ல் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனம், தன்னிடம் பாலிசி எடுத்த தொழிலாளர் வீடுகளுக்கு அந்தச் செவிலியரை அனுப்பத் தொடங்கியது. ஏன்? தர்ம சிந்தையா? வீட்டில் கவனித்தால் சாவு குறையும், சாவு குறைந்தால் இழப்பீடு குறையும். முதலாளித்துவக் கணக்குப் புத்தகமே ஒப்புக்கொண்ட உண்மை இது!

அதே நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1985-ல் பன்னிரண்டு உதவியாளர்களோடு ஒரு கூட்டுறவு தொடங்கியது. பெரும்பாலும் கறுப்பினப் பெண்களும் லத்தீன் அமெரிக்கப் பெண்களும். உழைப்பவரே பங்குதாரர். சேருபவருக்கு இலவசப் பயிற்சி. லாபம் வந்தால் உழைத்தவருக்கே பங்கு. பன்னிரண்டு, ஆயிரத்தைத் தாண்டி வளர்ந்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டுறவு என்ற பெயரும் பெற்றது. ஆள் நிலைப்பதால்தான் தொழில் நிலைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நெதர்லாந்தில் 2006-ல் யோஸ் டி பிளோக் என்ற செவிலியர் நான்கு பேரோடு ஓர் அமைப்பைத் தொடங்கினார். பியூர்ட்சோர்க் என்று பெயர். அக்கம்பக்கப் பராமரிப்பு என்று பொருள். பன்னிரண்டு பேருக்கு மிகாத குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அக்கம்பக்கம். மேலே நின்று மணி அடிக்கும் மேலாளர் இல்லை. யார் எந்த வீட்டுக்கு என்று செவிலியரே கூடிப் பேசி வகுத்துக்கொள்கிறார்கள். செவிலியர் எண்ணிக்கை பத்தாயிரத்தை எட்டியபோதும் தலைமை அலுவலகம் மிகச் சிறியதாகவே இருந்தது. கங்காணியைக் கழித்தால் கணக்கு எப்படி நேராகிறது, பார்த்தீர்களா?

நம் வீட்டு வாசலிலேயே

தொலைதூரம் போவானேன்? கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கம் ஒன்று எழுந்தது. மலப்புரம் மாவட்டத்தில் மாணவரும் சுமை தூக்குவோரும் கடைக்காரரும் தொண்டர்களாய்ச் சேர்ந்து, படுத்த நோயாளிகளை அக்கம்பக்கமாய்ப் பார்த்துக்கொண்டார்கள். 2008-ல் அரசே கொள்கை வகுத்தது; ஊராட்சிகள் செவிலியரை வீடுகளுக்கு அனுப்பின.

நம் தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வந்தது. இயன்முறை மருத்துவரும் வலி தணிப்புச் செவிலியரும் வீடு தேடி வந்தார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. இத்திட்டம் பெரும் பேறு. ஆனால் மாதம் சில முறை வரும் செவிலியர், நாளெல்லாம் அருகிலிருக்க முடியாது. அந்த இடைவெளியில்தான் புதிய கங்காணி புகுந்துகொள்கிறான். அரசின் செவிலியர் வந்து போகும் நாட்களுக்கும், மகன் ஷிப்டு முடித்து வரும் நேரத்துக்கும் நடுவே நிற்கும் அமைப்பு நம்முடையதாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

கூட்டுறவு நமக்குப் புதிதா? 1904-ல் இதே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திரூரில் வேளாண் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அன்று வட்டிக்காரன் பிடியிலிருந்து உழவரை மீட்கக் கூடியவர்கள் வழி காட்டிவிட்டார்கள்.

வடக்குப்பட்டு வட்டாரத்துச் சங்கத் தோழர்களுக்கு நாம் சொல்வது இது. முதலில் எண்ணுங்கள். எந்தத் தெருவில் எத்தனை பேர் படுக்கையில், யாருக்கு என்ன தேவை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு இறங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரையும், வீடு வரும் செவிலியரையும் கலந்து பேசுங்கள். திருமணத்துக்குப் பின் வேலையை விட்டுவிட்ட படித்த செவிலியர் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள், அவர்களைத் தேடுங்கள். சிறிதாய்த் தொடங்குங்கள்: ஒரு செவிலியர், பத்து உதவியாளர், ஒரு மாற்றாள், ஒரு நோட்டு, ஒரு சின்ன எல்லை. அளவுக்கு மீறி ஊர்களை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உறுப்பினர் மாதச் சந்தாவில் ஒரு நிதி சேர்த்தால், இன்று என் தந்தைக்கு, நாளை உன் தாய்க்கு என்று சுமை பகிரப்படும். ஆலை நிர்வாகத்தோடு ஒப்பந்தம் பேசும்போது, போனசோடும் கான்டீனோடும் இந்தக் கோரிக்கையும் பட்டியலில் ஏறட்டும்.

"எங்களுக்கே பாடு, இதற்கு நேரம் ஏது?" என்று ஒரு தோழர் கேட்கலாம். பெற்றவர் படுத்தபின் ஓடி ஓடி இழக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இப்போது போதும் என்போம். "கூலி கூடினால் செலவு கூடாதா?" என்று இன்னொருவர் கேட்கலாம். தரகு போகும், பயணம் குறையும், ஆள் ஓடுவது நிற்கும், புண் வராது. இந்த நான்கையும் கழித்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள் என்போம்.

வீட்டு உழைப்பாளர்க்கும் ஓய்வு நேரமும் முறையான கூலியும் உரியவை என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. நம் நாடு இன்னும் அதை ஏற்றுக் கையொப்பமிடவில்லை. தில்லி கையொப்பமிடும் வரை காத்திருக்க வேண்டுமா? நம் வீட்டு வாசலில் நாம் போடும் கையொப்பத்தைத் தடுப்பவர் யார்?

ஆலைக்குள் நாம் கேட்டது எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம். நம் தாயின் கட்டிலருகே நிற்கும் அந்தப் பெண்ணும் தொழிலாளிதான். அவள் கேட்குமுன் நாம் கொடுப்போம்!